தக்கை அசையும் நேரம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கண்மாய் தூர்வாருவது பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, என் அப்பாவின் தூண்டிலைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க மீன்பிடி. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் சிங்கம்புணரிப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் வளர்ந்தவள் என்ற உரிமையில்தான் முதலில் பேசுகிறேன்.

என் கணவர் வாரம் முழுக்க அலுவலகத்தில் ஆட்களோடு மல்லுக்கட்டுகிறவர். ஞாயிறு விடிந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மத்தியானம் வெறுங்கையோடு வருகிறார். மீனே கிடைக்காத இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, டீச்சர்?
– ஒரு வாசகி, காரைக்குடி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அம்மாவின் குரல்தான் காதில் விழுந்தது. "உலை வச்சுட்டு உங்கப்பன் மீனை நம்பி உக்காந்தா, உலையும் வத்திப் போகும்" என்பார். அப்பா தபால்காரர். சைக்கிளில் ஏழெட்டுக் கிராமம். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. திண்ணையில் உட்கார்ந்து வாசித்துச் சொல்ல வேண்டும், பதிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். மணியார்டர் வராத வீட்டுக்காரர்கள் அவரிடம்தான் கோபித்துக்கொள்வார்கள். ஆறு நாளும் ஊரார் சேதி அத்தனையும் அவர் வாய் வழியாகத்தான் போகும். ஏழாம் நாள் மடைக்குப் பக்கத்தில் ஒரு கருவேல நிழலில் போய் உட்கார்ந்துவிடுவார். பத்து வயதிலிருந்து நானும் கூடப் போனேன். பேசக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

அவருடைய தக்கை மயிலிறகின் அடித்தண்டு. ஒரு விரல் நீளம் இருக்கும். தபால் பைக்கு முத்திரை வைக்கிற அரக்கில் ஒரு துளி உருக்கி அதன் நுனியில் வைத்திருப்பார். தண்ணீர் மேல் தெரிவது அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும்தான். கண் அதிலேயே இருக்கும். காற்றடித்தால் புள்ளி சாயும், அது மீனில்லை. பொடிக் கெண்டை வந்தால் புள்ளி துடிக்கும், டிக் டிக்கென்று, கடிகார முள் மாதிரி. அது புழுவைத் திருடுகிற மீன், கையை அசைக்கக் கூடாது. கெளுத்தி வேறு மாதிரி. புள்ளி அவசரமில்லாமல் ஒரு பக்கமாக நகரும், நகர்ந்துகொண்டே அமிழும். அப்போதுதான் சுண்ட வேண்டும். சுண்டிய அந்த நொடியில் மூங்கில் வழியாக ஒரு துடிப்பு உள்ளங்கைக்கு வரும் பாருங்கள்! கலங்கல் தண்ணீருக்குள் என்ன இருக்கிறதென்று ஒன்றும் தெரியாது. ஆனால் ஓர் உயிர் அங்கிருந்து இழுக்கிறது. அந்த முதல் துடிப்பைக் கையில் வாங்கியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். எனக்கு வயது 60 தாண்டிவிட்டது, இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

ஒரு வாரம், பக்கத்து ஊரில் ஒரு அம்மாவுக்கு அவர் மகன் இறந்த தந்தியை அப்பாதான் வாசித்துச் சொல்லும்படி ஆனது. அந்த ஞாயிறும் வழக்கம்போலக் கிளம்பினோம். விடியலில் துவைக்கல் ஓரம் கிளறி, சிரட்டையில் ஈரமண் போட்டு, மண்புழு எடுத்துக் கொடுத்தது நான்தான். பொழுது சாய்ந்து கிளம்பும்போது சிரட்டையைக் கழுவப் போனேன். புழு ஒன்றுகூடக் குறையவில்லை. நாள் பூராவும் வெறும் முள்ளைப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. புழுவை ஈரமண்ணில் கொட்டிவிட்டு வந்தேன்.

சும்மா உட்கார்ந்திருக்கிற மனுசனை நம் ஊர் விடாது. உடம்புக்கு என்ன, வீட்டில் சண்டையா என்று ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். கையில் தூண்டில் இருந்தால் "கொத்துதா?" என்ற ஒரு கேள்வியோடு போய்விடுவார்கள். உங்கள் கணவர் தேடிப் போவது அந்த அனுமதியைத்தான் என்று நினைக்கிறேன். நமக்கு அதுவும் கிடையாது. ஒரு பெண் குளக்கரையில் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்தால் ஊரே பதறிப் போகும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. அடுத்த ஞாயிறு நீங்களும் கூடப் போங்கள், பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு, உங்களுக்கென்று ஒரு தூண்டிலோடு. அது பிடிக்கவில்லையென்றால், மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் உங்களுக்குப் பிடித்த இடத்துக்குப் போங்கள். இதை அவரிடம் கண்டிப்பாகவே கேளுங்கள். எத்தனை மீன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கிளம்பலாம் என்று தூண்டில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்த பிறகும் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கை போகிறது. இது போதையா?
– கல்லூரி மாணவர், திருச்சி

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். பொத்தானை இத்தனை முறை கொத்தினால் தானியம் என்று கணக்காகக் கொடுத்தால், தானியம் கிடைத்ததும் புறா சற்று ஓய்ந்துவிட்டுத்தான் மறுபடி கொத்தும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி செய்தால் ஓய்வே இல்லாமல் கொத்திக்கொண்டிருக்கும். தானியத்தை நிறுத்திய பிறகும் லேசில் விடாது. தூண்டில் போடுகிறவர் நிலைமையும் அதுதான். ஒவ்வொரு தடவையும் மீன் விழுந்தால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

செல்போனில் விரலைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. ஆனால் கண்மாயில் இருட்டிவிடும், கொசு கடிக்கும், புழு தீர்ந்துவிடும். வீட்டுக்குப் போ என்று இடமே சொல்லிவிடும். அதனால் உங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

ஊரில் மீன்பிடித் திருவிழா என்றால் என் மாமா சென்னையிலிருந்து லீவு போட்டுவிட்டுப் போகிறார். சேற்றில் விழுந்து புரண்டு நாலு மீன் பிடிப்பதற்கா?
– வாசகர், தாம்பரம்

நாலு மீன் கிடைத்தால் உங்கள் மாமா கெட்டிக்காரர்.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மேலூர்ப் பக்கம் அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரை, வைகாசியில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிவிடும். அப்போது ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். எங்கள் பக்கம் அதை அழிகண்மாய் என்போம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முதல் நாள் ராத்திரியே ஜனம் வந்து சேரும். விடிந்ததும் சாமி கும்பிட்டு, கரையில் நின்று ஒரு பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை தண்ணீரில் ஒரு கால் படக் கூடாது. துண்டு ஆடியதும் கரை மொத்தமும் கண்மாய்க்குள் இறங்கும். இன்ன சாதி, இன்ன ஊர் என்ற கேள்வியில்லை, காசும் இல்லை. பிடித்ததை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும் என்பது வழக்கம். இப்படி எல்லோரும் கூடிப் பிடித்தால் அடுத்த மழை தவறாது என்று நம்பிக்கை.

கையில் வலை, கச்சா, ஊத்தா என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். எனக்குப் பிடித்தது ஊத்தா. மூங்கில் குச்சியால் பின்னிய, அடி அகன்று மேல் வாய் குறுகிய கூடை. இரு பக்கமும் திறந்திருக்கும். சேற்றில் ஓங்கிக் குத்தி அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒன்றுமில்லையென்றால் கூடை மரக்கட்டை மாதிரி நிற்கும். மீன் அகப்பட்டிருந்தால் முட்டும், கூடை அதிரும். மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவும்போது அது விராலா, கெளுத்தியா என்று தெரியாது. கெளுத்தி என்றால் செவுள் ஓரத்து முள் குத்திக் கை கடுகடுவென்று கடுக்கும். தெரிந்தேதான் எல்லோரும் கையை விடுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு மீன் கிடைத்தால் நமக்கும் சேர்த்து ஒரு கூச்சல் வரும். தூண்டிலில் தனிமை, ஊத்தாவில் கூட்டம். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாததைக் கை தேடுகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வாசனைதான். உங்கள் மாமாவோடு ஒரு தடவை நீங்களும் லீவு போடுங்கள்.

அந்தக் காலத்தில் குறவையும் ஆராலும்தான் கிடைத்தது என்கிறார் தாத்தா. எனக்கு எந்தக் குளத்தில் போட்டாலும் ஜிலேபிதான் விழுகிறது. ஏன்?
– வாசகர், மேலூர்

ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீனில்லை, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையைத் தாய் தன் வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கிறது. குஞ்சுகளுக்கு ஆபத்தென்றால் மறுபடி வாய்க்குள் சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலான மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும்போது, இப்படி வாயில் வளர்த்தால் பெருகாமல் என்ன செய்யும்? உங்கள் தாத்தா சொல்வது உண்மை. குறவைக்கும் ஆராலுக்கும் சேறும் புல்லும் உள்ள வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்கால்களைத்தான் நாம் சிமெண்ட் போட்டு மூடிக்கொண்டிருக்கிறோம்.

முள் குத்தினால் மீனுக்கு வலிக்காதா? என் தோழி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.
– பத்தாம் வகுப்பு மாணவி, தேவகோட்டை

நல்ல தோழி. வலிக்காது என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் பல வருடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்பவரும் அவருடைய சகாக்களும் டிரவுட் மீனின் முகத்தில், காயத்தை உணர்கிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்கள் தொட்டியின் அடியில் கிடந்த சரளையில் உதட்டைத் தேய்த்தன. தீவனத்தின் பக்கம் நெடுநேரம் போகவில்லை. மீனின் மூளை நம்முடையது போல இல்லை, ஆகவே அது நாம் உணரும் வலி ஆகாது என்று சொல்லும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். வாதம் நடக்கிறது. நான் வலிக்கும் என்ற பக்கம் நிற்கிறேன்.

அதற்காகத் தூண்டிலை நான் விட்டுவிடவில்லை, மீன் சாப்பிடுவதையும் விடவில்லை. ஆனால் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். குழம்புக்கு வேண்டுமென்றால், பிடித்த கையோடு தலையில் ஓங்கி ஒரு தட்டு. கரையில் போட்டுத் துடிக்க விடுவதில்லை. திருப்பி விடுவதென்றால் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் முன்கூட்டியே நசுக்கிவிடுவேன், கழற்றும்போது வாய் கிழியாது. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவேன். மீனின் மேல் இருக்கிற வழவழப்புதான் அதைக் கிருமியிலிருந்து காக்கிறது, உலர்ந்த கை அதை வழித்துவிடும். உன் தோழியையும் ஒரு நாள் கரைக்கு அழைத்துப் போ. பிடிக்க வேண்டாம், பார்க்கட்டும்.

தூண்டில் பொழுதுபோக்கு வெள்ளைக்காரன் கொடுத்தது என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், கோவை

சரியில்லை. குறுந்தொகை 54ஆம் பாட்டில், தினைப்புனம் காப்பவர்களின் கவண் சத்தத்துக்கு மிரண்ட யானை, வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைச் சட்டென்று விட்டுவிடுகிறது. மீனைத் தூக்கிய தூண்டில் கோல் போல மூங்கில் மேலே எழும்புகிறது. எழுதியவர் பெயர் தெரியாமல், அந்த உவமையை வைத்தே மீனெறி தூண்டிலார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. கோல் எழும்பும் அந்த வீச்சைக் கரையில் உட்கார்ந்து பார்த்த கண்ணுக்குத்தான் அந்த மூங்கில் அப்படித் தெரியும் என்று எனக்குப் படுகிறது.

ஒன்பது வயதுப் பையன் தூண்டில் கேட்டு அடம்பிடிக்கிறான். என்ன வாங்குவது? வேறென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருப்பத்தூர்

விலையுயர்ந்த ராடும் ரீலும் இப்போது வேண்டாம். அவன் உயரத்தைவிடச் சற்று நீளமாக ஒரு மூங்கில் கழி, அதே நீளத்துக்கு நரம்பு, பொடி முள் நான்கு, பட்டாணி அளவு ஈயம். தக்கையை அவனே செய்யட்டும். மயிலிறகுத் தண்டோ, சோளத்தட்டையோ, எதுவானாலும் சரி. நீச்சல் தெரியாதவரை மடைப் பக்கம் விடாதீர்கள், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள். கண்மாய் குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பையன் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். வெயில் ஏறிய பிறகு போகாதீர்கள். மேல்தண்ணீர் சுட ஆரம்பித்தால் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும், பையன் சோர்ந்துவிடுவான். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள், கொக்கின் காலில் சிக்கினால் அறுக்க ஆளிருக்காது.

இன்னொன்றை அவனிடம் கட்டாயம் காட்டுங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் மேல் ஓரிடத்தில் செக்கச்செவேலென்று பொடிப்பொடியாக ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி மினுங்கும். அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் நேர் கீழேயே காவல் நிற்கும். அந்த இடத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும். பசியால் இல்லை, குஞ்சை எவனோ நெருங்குகிறான் என்ற ஆத்திரத்தில். அதனால்தான் விரால் பிடிக்கிறவர்கள் பலர் அந்தச் சிவப்பைத் தேடிப் போகிறார்கள். காவல் போய்விட்டால் அந்தக் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் இரை. அப்பா அந்தச் சிவப்பைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மடையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். உங்கள் பையனும் அப்படி இடம் மாறி உட்காரட்டும்.