ரமலானுக்குப் பிறகும் தொழுகை நிலைக்க என்ன வழி?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “ரமலானில் ஐவேளைத் தொழுகை, தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை), தினம் ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்) என்று எல்லாம் நடக்கிறது. பெருநாள் கழிந்து மூன்று வாரத்துக்குள் கலைந்துவிடுகிறது. முதலில் போவது ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை). மாதவிலக்கு முடிந்தாலும் தொழுகைக்குத் திரும்ப இன்னும் நான்கைந்து நாள் ஆகிவிடுகிறது. தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), லுஹா (முற்பகல் தொழுகை), ஒரு ஜுஸ்உ என்று பட்டியல் போட்டு எத்தனையோ முறை தொடங்கிப் பார்த்துவிட்டேன். வேலைக்கும் போகிறேன். நான் முனாஃபிக்கோ (நயவஞ்சகியோ) என்றுகூட பயமாக இருக்கிறது.”

சகோதரி, அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஹன்ழலா (ரலி) என்ற நபித்தோழருக்கும் இதே பயம் வந்தது. “ஹன்ழலா முனாஃபிக் ஆகிவிட்டான்” என்று அவரே சொன்னார். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கின்றன, வீட்டுக்குப் போய் மனைவி, மக்கள், பிழைப்பு என்று ஆனதும் நிறைய மறந்துவிடுகிறது என்பது அவருடைய வருத்தம். அபூபக்ர் (ரலி) அவர்களும் தமக்கும் அப்படித்தான் என்றார்கள். “ஹன்ழலாவே, அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம்” என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ரமலானின் வேகம் அடுத்த மாதமான ஷவ்வாலில் குறைவது மனித இயல்பு. அதற்காக உங்களை நீங்களே நயவஞ்சகி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஃபஜ்ர் போவது வேறு விஷயம். அது ஃபர்ளு, கட்டாயக் கடமை. உங்கள் பட்டியலில் எனக்கு முதலில் உறுத்துவது இதுதான்: ஃபஜ்ர் ஆட்டம் கண்டுகொண்டிருக்கும்போதே தஹஜ்ஜுத் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘என் அடியான் என்னை நெருங்கும் செயல்களில், நான் அவன்மீது கடமையாக்கியதைவிட எனக்கு விருப்பமானது வேறில்லை’ என்பது புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸியின் (அல்லாஹ் கூறியதாக நபியவர்கள் அறிவித்த செய்தியின்) கருத்து. நஃபில்கள் (கடமையல்லாத கூடுதல் வணக்கங்கள்) அதற்கு அடுத்துதான் பேசப்படுகின்றன. ஆகவே இரண்டு மாதத்துக்குப் பட்டியலை மடித்து வையுங்கள். ஐந்து ஃபர்ளுகள் அந்தந்த வக்தில் (நேரத்தில்), ஃபஜ்ருடைய இரண்டு ரக்அத் ஸுன்னத், தூங்கும் முன் வித்ரு (ஒற்றைப்படை ரக்அத் கொண்ட இரவுத் தொழுகை), குர்ஆனில் இரண்டு பக்கம். இவ்வளவுதான்.

குறைவாகத் தோன்றும். அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான அமல் எது என்ற கேள்விக்கு, ‘குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவது’ என்று நபியவர்கள் பதிலளித்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இரண்டு பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாக அச்சாகும் மதீனா முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) 604 பக்கங்கள். தினம் இரண்டு என்றால் 302 நாளில் ஒரு கத்ம், அதாவது முழுக் குர்ஆன். ஹிஜ்ரி வருடத்துக்கு 354 அல்லது 355 நாள். மாதவிலக்கு நாள்களில் ஓதாமல் விட்டுப் போவதை மற்ற நாள்களில் அரைப் பக்கம் கூட்டி ஓதினால், அடுத்த ரமலானுக்குள் முடித்துவிடலாம். தினம் ஒரு ஜுஸ்உ என்று தொடங்கி பத்தாம் நாள் முஸ்ஹஃபை மூடி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவைத் தீர்மானிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் பழைய பட்டியலை ரமலான் முடிந்த உற்சாகத்தில் போட்டிருப்பீர்கள். அலுவலகத்தில் அடிபட்டு, தலைவலியோடு, இரவு பத்து மணிக்கு வீடு வந்த ஒரு நாளை நினைத்து மறுபடி போடுங்கள். அந்த நாளிலும் எது முடியுமோ அதுவே உங்கள் அன்றாட அளவு. நல்ல நாளில் அதிகம் செய்யத் தடையில்லை. அதைக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்ததைப் பார்த்து நபியவர்கள் விசாரித்தார்கள். நபியவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது சோர்ந்தால் பிடித்துக்கொள்ளக் கட்டியது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நபியவர்கள் அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, உற்சாகம் இருக்கும்வரை தொழுங்கள், சோர்ந்தால் உட்கார்ந்துவிடுங்கள் என்றார்கள். நஃபிலில் நாமும் இப்படி ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டு, கடைசியில் கையையே விட்டுவிடுகிறோம்.

இனி ஃபஜ்ர். இதன் சிக்கல் பெரும்பாலும் இஷாவில் (இரவுத் தொழுகை) தொடங்குகிறது. இஷாவுக்கு முன் தூங்குவதையும் அதற்குப் பின் வீண்பேச்சு பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் வெறுத்தார்கள். இன்றைக்கு அந்தப் பேச்சு பெரும்பாலும் செல்போனில்தான் நடக்கிறது. இஷாவும் வித்ரும் முடிந்ததும் போனைக் கைக்கெட்டாத இடத்தில் சார்ஜில் போடுங்கள். அலாரத்தை நிறுத்த எழுந்து நடக்க வேண்டும். ஒரே நேரத்துக்கு அலாரம் வைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள். சூரிய உதயம் நாளுக்கு நாள் நகர்வதால் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஆரம்ப வக்து சிறந்தது, சந்தேகமில்லை. ஆனால் இப்போதைக்கு உங்களால் எழ முடியாதென்றால் உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு எழுந்து நிதானமாகத் தொழுங்கள். அதுவும் வக்துக்குள் நிறைவேறிய தொழுகைதான். நிலைத்த பிறகு பத்துப் பத்து நிமிடமாக முன்னால் நகர்த்தலாம்.

அத்தனையும் செய்து ஒரு நாள் தூங்கிவிட்டால்? ஒரு பயணத்தில் நபியவர்களும் தோழர்களும் அப்படித் தூங்கியிருக்கிறார்கள். காவலுக்கு இருந்த பிலால் (ரலி) அவர்களும் ஒட்டகத்தில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டார்கள். வெயில் சுட்டுத்தான் விழித்தார்கள். நபியவர்கள் அந்த இடத்தைவிட்டு வாகனங்களை நகர்த்தச் சொன்னார்கள். அப்புறம் உளூ (தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுதல்) செய்து, பிலாலை இகாமத் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) சொல்லச் செய்து ஃபஜ்ர் தொழவைத்தார்கள். நீங்களும் விழித்த உடனே தொழுதுவிடுங்கள். ‘இன்றைக்குத்தான் போய்விட்டதே, நாளையிலிருந்து ஒழுங்காக’ என்ற எண்ணம் வருமே, அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ஒரு ஃபஜ்ர் போன நாளில் லுஹரும் (மதியத் தொழுகை) கூடவே போவது இந்த எண்ணத்தால்தான்.

வேலையிடத்தில் லுஹருக்கு ஐந்தாறு நிமிடம்தான் தேவை. மதிய உணவுக்கு எழும்போதே உளூ செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மாதவிலக்குக்குப் பின் தாமதமாகிறது என்றீர்களே, அதைப் பலரும் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. அந்த நாள்களில் தொழாமல் இருப்பதும் அல்லாஹ்வின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே, களாவும் (விட்டதைப் பிறகு நிறைவேற்றுவதும்) இல்லை. திக்ரு, துஆ, ஸலவாத், குர்ஆனைக் கேட்பது எதற்கும் தடையில்லை. தொழுகைப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, தொழும் நேரத்தில் தொழும் இடத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் செய்வது நல்லது என்று ஹனஃபி சட்ட நூல்களில் எழுதியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் (ஹனஃபி போன்ற இன்னொரு சட்டப்பிரிவு) இதைத் தனி வணக்கமாகச் சொல்வதில்லை. பழக்கத்துக்காக ஐந்து நிமிடம் உட்கார்ந்து திக்ரு செய்வதை யாரும் தடுக்கவும் இல்லை. முஸல்லாவை (தொழுகை விரிப்பை) மடித்து அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இரத்தம் நின்றது உறுதியானால் குளிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த வக்துத் தொழுகை அப்போதே கடமையாகிவிடுகிறது. அஸர் (பிற்பகல் தொழுகை) வக்தில் தூய்மையானால் ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் சேர்த்துத் தொழ வேண்டும். இஷா வக்தில் என்றால் மக்ரிபையும் (சூரியன் மறைந்தபின் தொழும் தொழுகை). ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து மட்டும். உங்கள் மத்ஹபின் சட்டத்தை ஓர் ஆலிமாவிடம் (மார்க்கம் கற்ற பெண்ணிடம்) தெளிவாகக் கேட்டு வைத்துக்கொண்டால், அந்த நான்கைந்து நாள் ஓடிப்போகாது.

விட்டுப்போன பழைய ஃபர்ளுகள் இருந்தால், ஒவ்வொரு வக்தோடும் அதே வக்தின் களா ஒன்றைச் சேர்த்துத் தொழுங்கள். ஒரு வருடக் கடன் ஒரு வருடத்தில் தீரும்.

சரி, தஹஜ்ஜுத் ஆசையை என்ன செய்வது? அந்த ஆசையே அல்லாஹ் கொடுத்த பரிசு, அதை அணைத்துவிடாதீர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) இளமையில் தினமும் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார். நபியவர்கள் குறைக்கச் சொல்லியும், தம்மால் இன்னும் முடியும் என்று கேட்டுக் கேட்டுக் கூட்டிக்கொண்டார். முதுமையில், அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார். நீங்கள் இரண்டு மாதம் கழித்து, விடுமுறை நாளில் மட்டும் ஃபஜ்ருக்குக் கால் மணி நேரம் முன்பு எழுந்து பாருங்கள். எழுந்த அன்று இரண்டு ரக்அத். எழ முடியாத அன்று கவலை வேண்டாம், இஷாவோடு வித்ரு தொழுதுவிட்டுத்தானே படுத்தீர்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன அறிவுரையிலும், தூங்கும் முன் வித்ரு தொழுதுவிடு என்பது இருக்கிறது.