வீட்டிலேயே விமான காக்பிட்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். விமானி ஆக வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. மாடி அறையில் ஃப்ளைட் சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் ஏற்பாடு) காக்பிட் அமைத்துத் தரும்படி கேட்கிறான். கோவையில் ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டர், மூன்று மானிட்டர், யோக் (விமானத்தைத் திருப்பும் பிடி), த்ராட்டில் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்), ரட்டர் பெடல் (வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் கால்மிதி), இருக்கை எல்லாவற்றையும் ஒரே செட்டாகத் தருவதாகச் சொல்லிப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

பதில்: கொடுக்காதீர்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் மகன் எந்த விமானத்தை ஓட்டப்போகிறான் என்பது அவனுக்கே இன்னும் தெரியாது. அதற்கு முன்பே அந்த செட் அதை முடிவு செய்துவிடுகிறது. பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 விமானத்தில் இரு கையாலும் பிடித்துத் திருப்பும் யோக் இருக்கும். கோவையில் வந்து இறங்கும் ஏர்பஸ் ஏ320இல் யோக்கே கிடையாது. கேப்டனின் இடது கைப்பக்கம் சைடுஸ்டிக் என்ற சிறிய பிடி ஒன்றுதான். ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றுக்கு வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் கை திருப்திப்படாது.

முதலில் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிக் கொடுங்கள். பிடியைத் திருகினால் ரட்டர் அசைகிற வகையாகப் பார்த்து வாங்கினால் இப்போதைக்குப் பெடலும் தேவையில்லை. ஃப்ளைட்கியர் என்ற மென்பொருள் முழுக்க இலவசம். செஸ்னா 172 அதிலேயே இருக்கிறது. வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரிலேயே மூன்று மாதம் ஓட்டட்டும். கோவை ஓடுபாதையில் நிற்கும்போது உயரமானி ஏன் பூஜ்யம் காட்டாமல் 1,300 அடியை ஒட்டிக் காட்டுகிறது என்று அவனாகவே கேட்பான். உயரமானி கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது என்பதுதான் விடை. அங்கிருந்து மேற்கே திரும்பி, வலப்பக்கம் வாளையார் மலையை வைத்துக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, உங்கள் ஊர் இருக்கும் திசையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்து ஒழுங்காக இறங்கட்டும். மூன்று மாதம் கழித்தும் மாலையானால் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறான் என்றால் அடுத்த செலவைத் துணிந்து செய்யுங்கள்.

அந்த அடுத்த செலவு ரட்டர் பெடலாக இருக்கட்டும், அதன் பிறகு யோக். யோக் வாங்கும்போது அது எத்தனை டிகிரி திரும்புகிறது என்று கேளுங்கள். லாஜிடெக் யோக் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 90 டிகிரிதான் திரும்பும்; ஹனிகோம்ப் ஆல்ஃபா 180 டிகிரி திரும்பும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். காற்று அலைக்கழிக்கும்போது சிறுகச் சிறுகத் திருத்த வேண்டிய இடத்தில்தான் அந்த வித்தியாசம் கையில் படும். இன்னொரு கேள்வி: உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டரா, ஹால் சென்சாரா? முன்னது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் போல உரசித் தேய்வது. நாளானால் ரேடியோவில் கரகரப்பு வருவது போல விமானம் காரணமில்லாமல் துள்ளும். பின்னது காந்தத்தைக் கொண்டு அளப்பது, உரசல் இல்லை. விலை சற்று அதிகமானாலும் ஹால் சென்சார் என்றே கேட்டு வாங்குங்கள்.

யாரும் சொல்லாத ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் முதன்முதலில் யோக்கைப் பொருத்தியது விளிம்பு உருட்டிய ஒரு பழைய மேஜையில். கவ்வியை எவ்வளவு முறுக்கியும் பிடி நிற்கவில்லை. தரையைத் தொடும் நேரத்தில் யோக்கை மார்பை நோக்கி இழுத்தேன். அது மேஜையிலிருந்து கழன்று மடியில் விழுந்தது. பெடல் வந்த பிறகு இன்னொரு பாடம். நான் உட்கார்ந்திருந்தது சக்கர நாற்காலி, கீழே வழவழப்பான டைல்ஸ். இடது காலை அழுத்தினால் பெடல் முன்னே போகிறது, நாற்காலி பின்னே போகிறது. பெடலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகையை முட்டுக் கொடுத்தேன், நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றினேன். செலவே இல்லாத இந்த இரண்டு வேலைகளுக்குப் பிறகுதான் நேராக ஓடுபாதையில் ஓட்ட முடிந்தது.

ஆகவே காக்பிட் சட்டத்தைக் கடையில் வாங்க வேண்டாம். உங்கள் ஊர் ஆசாரியே போதும். 8க்கு 4 அடி, முக்கால் அங்குலக் கனமுள்ள பிளைவுட் தாள் ஒன்றில் பெரும்பகுதி முடிந்துவிடும். மகனை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கை மடங்கும் உயரத்தையும் கால் நீளும் தூரத்தையும் சுவரிலும் தரையிலும் சாக்பீஸால் குறித்து, அந்த அளவைக் கொடுங்கள். கைவேலை என்று குறைவாக நினைக்காதீர்கள். 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் செய்த முதல் பயிற்சிக் கூண்டும் அப்படிப் பிறந்ததுதான். அவருடைய தந்தை ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்தினார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே ஒரு மரப்பெட்டியைச் சாயவும் நிமிரவும் வைத்தார் மகன். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் பெருந்திரளாகப் பயின்றது அந்தப் பெட்டியின் வழிவந்தவற்றில்தான்.

மூன்று மானிட்டர் வேண்டாம். திரை மூன்றானால் கிராபிக்ஸ் கார்டின் சுமையும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரு நல்ல டிவி போதும், அதில் கேம் மோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் கை அசைத்த பிறகே படம் அசையும். பக்கவாட்டில் பார்ப்பதற்கு ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சாதாரண வெப்கேமராவை வைத்துத் தலை திரும்பும் திசைக்குக் காட்சியைத் திருப்பிக் காட்டும்.

கம்ப்யூட்டரைக் கடைசியில் வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 ஓட்ட 16 ஜிபி ராம் குறைந்தபட்சம், 32 ஜிபி பரிந்துரை. நிலக்காட்சிகளை அது இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். 50 எம்பிபிஎஸ் வேகம் இருந்தால் நல்லது என்கிறார்கள். உங்கள் தெருவில் அந்த வேகம் மாலை நேரத்திலும் நிற்கிறதா என்று ஒரு வாரம் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரும் டிவியும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். ஐப்பசி இடிமழைக்கு யுபிஎஸ் காப்பு அல்ல. வானம் இருண்டால் மின்பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். இடியில் போனதற்கு வாரண்டி கிடைக்காது.

கேள்வி: வீட்டு சிமுலேட்டரில் பறக்கும் நேரம் பைலட் லைசென்ஸுக்குக் கணக்கில் சேருமா?
— வண்ணாமடை

பதில்: சேராது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல் வேண்டும்; வீட்டில் பறந்ததில் ஒரு நிமிடம்கூட அதில் வராது. கருவிகளைப் படிக்கவும் செய்முறைகளை மனதில் பதிக்கவும் உதவும், அவ்வளவே. பிள்ளை உண்மையிலேயே விமானி ஆக நினைத்தால் சிமுலேட்டருக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் பணம் கட்டுவதற்கு முன்பு, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறை போன்றவை அங்கே தெரிந்துவிடும். பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வது பெரிய வேதனை.

கேள்வி: வாளையாருக்கு அந்தப் பக்கம் வாங்கினால் வரி குறைவு என்கிறார்களே? பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைப்பார்களாம். பழுதானால் கோவைக்குத்தான் அலைய வேண்டுமா?
— வேலந்தாவளம்

பதில்: வரி குறைவு என்பது பழைய நினைப்பு. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்த பிறகு ஒரே பொருளுக்கு இரண்டு பக்கமும் ஒரே விகிதம்தான். கோவையில் விலை குறைந்திருந்தால் அது கடைகளுக்குள் உள்ள போட்டியால்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். அலைச்சலைப் பற்றிக் கவலை வேண்டாம். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் ஒருவர் தான் பயன்படுத்திய யோக்கைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
— மீனாட்சிபுரம்

பதில்: வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள். தனி ஆள் தன் பழைய பொருளை விற்பது வணிகம் ஆகாது. பிறகு நுகர்வோர் ஆணையத்தை நம்ப முடியாது. ஒரு லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். யோக்கை யுஎஸ்பியில் செருகி, விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையைத் திறந்தால் ஒரு கட்டமும் அதன் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறியும் தெரியும். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் அந்தக் குறியை மட்டும் பாருங்கள். காற்றில் விளக்குச் சுடர் நடுங்குவது போல அது நடுங்கினால் உள்ளே சென்சார் தேய்ந்திருக்கிறது. நடுங்கவில்லை என்றால் யோக்கை மிக மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். குறி நிற்காமல், தாவாமல் கூடவே நகர வேண்டும். பிறகு விட்டுவிடுங்கள்; அதே நடுவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, அந்தத் திரையில் அதற்குரிய விளக்கு எரிகிறதா என்றும், மேஜைக் கவ்வியின் திருகு மரை போகாமல் இருக்கிறதா என்றும் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.