சாந்திநகர் ஐந்தாம் மாடி: வெளிநாட்டவர், அகதி, போலீஸ் – கேள்விகளும் பதில்களும்

பெங்களூர் கோர்ட்டுகளில் குடியுரிமை, விசா வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். இந்த விஷயங்களைத் தமிழில் கேட்க ஆளில்லை என்று பலர் சொன்னதால், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. இருப்பதெல்லாம் அரசாணையும் சுற்றறிக்கையும்தான். அதனால் தேதி, முத்திரை, ரசீது என்றே திரும்பத் திரும்பப் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்மனஹள்ளி வீட்டுக்காரர்: சார், மாடி போர்ஷனை ஒரு நைஜீரிய மாணவருக்கு வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "ஸ்டேஷனுக்கு நடையா நடக்கணும், வேண்டாம்" என்கிறார். உண்மையா?

தாராளமாக விடுங்கள். வெளிநாட்டவருக்கு வீடு தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பாஸ்போர்ட், விசா இரண்டையும் வாங்கிப் பாருங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' பதிவு செய்துவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கியிருப்பதை எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்கு, அதாவது தலைப்பில் சொன்ன சாந்திநகர் ஐந்தாம் மாடியில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம் அது. 2025 விதிகளில் அதற்குப் 'படிவம் III' என்று பெயர் மாறிவிட்டது, பழக்கத்தில் நான் சி படிவம் என்றே சொல்கிறேன். ஆன்லைனில்தான், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. இந்தப் படிவம் ஹோட்டலுக்கும் பி.ஜி.க்கும் மட்டும் உரியது இல்லை. மலேசியாவிலிருந்து உங்கள் சித்தப்பா பையன் வந்து பத்து நாள் தங்கினாலும், அவன் மலேசிய பாஸ்போர்ட்காரன் என்றால் படிவம் உண்டு. கல்யாண வீட்டில் யாரும் இதை நினைப்பதில்லை. என்னிடம் வந்த ஒருவர், வாடகையைக் கையில் வாங்குவதால் கணக்கில் வர வேண்டாமே என்று படிவத்தை விட்டுவிட்டார். குடியிருந்தவர் வேறு ஒரு வழக்கில் மாட்டினார். பிறகு இவர் அலைந்த அலைச்சலுக்குக் கணக்கே இல்லை.

விவேக்நகரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, என் பெற்றோர் 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். நான் 1986இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தேன், தம்பி 1990இல். இருவரும் இங்கே வேலை பார்க்கிறோம். எங்களுக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைக்குமா?

ஒரே வீட்டில் இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, தம்பி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகளைத் தவிர, 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்வது அதுதான். ஆகவே நீங்கள் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியதே இல்லை. பிறந்த அன்றே அது வந்துவிட்டது.

திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த ஒரு பெண்ணுக்கு இதே கதைதான். 1986இல் மண்டபத்தில் பிறந்தவர். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அவரைக் காப்பாற்றியது பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். உங்களுடையது நகராட்சி அல்லது ஊராட்சிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

உங்கள் தம்பிக்குத்தான் சிக்கல். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னும் கடுமை: ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். ஒரே தாய் வயிறு. இதில் நியாயம் எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரிந்ததில்லை.

அதே தம்பி: அப்படியானால் சி.ஏ.ஏ.வில் தம்பிக்கு வழி இல்லையா?

இல்லை. சி.ஏ.ஏ. என்கிற 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நிற்கிறது. இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் என்ற ஆறு சமயத்தாருக்குத்தான், அதுவும் 2014 டிசம்பர் 31க்குள் வந்திருந்தால். முஸ்லிம்கள் பட்டியலில் இல்லை. இலங்கைத் தமிழர் இந்துவாகவே இருந்தாலும் இலங்கை பட்டியலில் இல்லை.

2025இல் வேறொன்று நடந்தது. அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய வருடங்களின் நான்கு பழைய சட்டங்களுக்குப் பதில் இந்த ஒன்று. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மேல் இந்தத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. 'பதிவு செய்துகொண்ட' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் போலீஸ் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் உடனே சரிசெய்யுங்கள். இது தண்டனையிலிருந்துதான் விலக்கு. குடியுரிமை இல்லை. வாட்ஸ்அப்பில் "ஈழத்தமிழருக்குக் குடியுரிமை" என்று சுற்றிய செய்தியை நம்பி இரண்டு பேர் இனிப்போடு என் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு அக்கா: தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து சுள்ளியா ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம் சார் எங்களுடையது. ஸ்டேஷனில் என் மகனை "சிலோன் அகதி" என்று எழுதினார்களாம். நாங்கள் அகதிகளா?

இல்லவே இல்லை அக்கா. 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கு போட்டார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போட்டவர்கள் அந்த மக்களைக் கேட்டார்களா என்பது வேறு கதை. இப்படி வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்', இந்திய பாஸ்போர்ட்டோடு வந்த குடிமக்கள். அவர்களில் ஒரு பகுதியினரைத்தான் சுள்ளியா, புத்தூர் பக்கம் கர்நாடக வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ பெட்டியில் இருக்கும், தேடிப் பாருங்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்களோடு உங்களைச் சேர்த்து எழுதுவது தவறு என்று நகலோடு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், வாங்கியதற்கு ரசீதும் கேளுங்கள்.

சர்ஜாபூர் ரோடு: எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் குப்பை பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேசுவது வங்காளி. வங்கதேசத்துக்காரர்கள் என்று போலீசில் புகார் கொடுக்க அசோசியேஷன் கையெழுத்து கேட்கிறது. போடலாமா?

என்னைக் கேட்டால் போடாதீர்கள். 2020 ஜனவரியில் உங்கள் பக்கத்திலேயே, பெள்ளந்தூரை ஒட்டிய கரியம்மன அக்ரஹாரத்தில், வங்கதேசத்தவர் என்று சொல்லிக் குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். விசாரித்தால் அஸ்ஸாம், திரிபுரா, மேற்கு வங்கம், ஏன், வட கர்நாடகத்துக்காரர்கள்கூட அங்கே இருந்தார்கள். உயர்நீதிமன்றம் அரசைக் கேள்வி மேல் கேள்வி கேட்டது. மேற்கு வங்கத்திலும் வங்காளிதான் பேசுகிறார்கள் என்பதைக் கோர்ட் வரை போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. மற்ற வழக்குகளில் குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும். 'நீ வெளிநாட்டவன்' என்று சொன்னால், இல்லை என்று நிரூபிப்பது அந்த ஆளின் வேலை. 1946 சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. தகரக் கொட்டகையில் இருப்பவன் எந்தப் பெட்டியிலிருந்து காகிதம் எடுப்பான்? 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி இந்த ஊரில் தமிழ் பேசியதற்காக அடி வாங்கியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பேச்சை வைத்து ஆளைப் பிரிக்கும் மனுவில் நாம் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

ஹெப்பாள், கல்லூரி மாணவி: என் தோழி மியான்மர். ஐ.நா. அகதி அட்டை வைத்திருக்கிறாள். போலீஸ் பிடித்தால் அது செல்லுமா?

அது விசாவுக்குச் சமம் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் காட்டச் சொல்லுங்கள், உதவும். தன்னை அகதி என்று சொல்பவர்களின் கோரிக்கையை ஆராய்ந்து நீண்டகால விசா தர 2011இல் உள்துறை ஒரு நடைமுறை வகுத்திருக்கிறது. பிடித்தால் கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும். அரசியல் சாசனத்தின் 21, 22ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை.

ஆனால் எங்கேயும் குடியிருக்கும் உரிமை 19ஆம் பிரிவில் வருகிறது, அது குடிமக்களுக்கு மட்டும். ரோஹிங்கியா வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. உரிய நடைமுறைப்படி நாடு கடத்தலாம் என்றும் சொன்னது. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவில், இது தர்மசத்திரம் இல்லை என்று நீதிபதி சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், சி படிவம் யார் யார் தர வேண்டும் என்ற அரசின் பட்டியலில் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே தர்மசத்திரமும் இருக்கிறது.

சிவாஜிநகர்: ஆதார் இருந்தால் குடிமகன்தானே?

இல்லை. 182 நாள் இங்கே வசித்த வெளிநாட்டவரும் ஆதார் வாங்கலாம். ஆதார் சட்டமே அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்கிறது.

எலக்ட்ரானிக் சிட்டி: வெளிநாட்டு நண்பர் ஒருவரின் விசா முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. நேராக ஏர்போர்ட்டுக்குப் போய்விடலாமா?

வேண்டாம், கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். முதலில் எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பித்து, அபராதம் கட்டச் சொல்லுங்கள். 2018லிருந்து எல்லாம் ஆன்லைன்தான். கூப்பிட்டால் மட்டும் சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட் கட்டிடத்தின் ஐந்தாம் மாடிக்குப் போனால் போதும். போகும்போது ஒரிஜினல் பாஸ்போர்ட், நீங்கள் பதிவு செய்த சி படிவத்தின் நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். சி படிவம் பதிவு செய்திருக்கிறீர்கள்தானே?