வெளிநாட்டில் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

ரிச்சி தெருவில் கேமரா பழுது பார்க்கிறவன் நான். லீவு நெருங்கினால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பழுதுக்கு வருவதில்லை. "சிங்கப்பூர் போறேண்ணே, என்ன வாங்கலாம்?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். மொத்தமாக எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்த வரிசையிலேயே பதில்.

பெரம்பூர்: சிங்கப்பூரில் கேமரா நிஜமாகவே மலிவா?

கணக்குப் போட்டால்தான் தெரியும், முக்கால்வாசிப் பேர் போடுவதில்லை. அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம். சுற்றுலாப் பயணிக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் பில் தொகையில் 9 சதவீதம் கிடைக்காது. 1,090 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினால் அதற்குள் வரி 90 வெள்ளிதான், அதிலும் சேவைக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று பில் வரை சேர்த்துக் காட்டலாம்.

சாங்கி ஏர்போர்ட்டில் பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். பொருளைப் பெரிய பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டு, பிறகு வரியைத் திரும்பக் கேட்கும் எந்திரத்தை, அதாவது கியோஸ்க்கைத் தேடுவார்கள். சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொன்னால் பெட்டி அந்நேரம் விமானத்தின் வயிற்றில் இருக்கும். முதலில் கியோஸ்க், அப்புறம் லக்கேஜ்.

இத்தனைக்கும் பிறகு கார்டுக்காரன் பிடிக்கிற அந்நியச் செலாவணிக் கட்டணம், இங்கே இறங்கினால் சுங்கவரி. வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. பத்து சதவீதம்கூட மிச்சமாகாது என்றால் மவுண்ட் ரோட்டிலேயே பில் போட்டு வாங்குங்கள்.

அம்பத்தூர்: எவ்வளவு வரை வரி இல்லை? நானும் கணவரும் போகிறோம்.

2026 பிப்ரவரியிலிருந்து தலைக்கு 75,000 ரூபாய், அதற்கு முன் 50,000. ரெண்டு பேர் சலுகையையும் ஒரே கேமராவின் மேல் ஏற்ற முடியாதும்மா. ஒன்றரை லட்சத்துக்கு ஒரு கேமரா வாங்கிவிட்டு "பாதி அவருது" என்றால் எடுபடாது. 18 வயது தாண்டியவருக்கு ஒரு லேப்டாப் இந்தக் கணக்கில் சேராது, தனி. பெரிய டிவிக்கு இந்தச் சலுகையே கிடையாது, வரி கட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

வேளச்சேரி: ஆபீஸ் வேலையாக டோக்கியோ போகிறேன். சோனி வாங்கலாமா?

ஜப்பானியம் படிக்கத் தெரியுமா? அந்த ஊர்ச் சந்தைக்கென்று வரும் சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற வழியில்லை. என் மேஜைக்கு அப்படி ஒன்று வந்தது. திரைக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தார் அந்தத் தம்பி: "மேலிருந்து 4 – ஃபார்மேட், தொடாதே." மூன்றாவதை அமுக்குவதாக நினைத்து நாலாவதை அமுக்கி, அக்கா கல்யாணப் படம் மொத்தமும் போன பிறகு ஒட்டிய சீட்டு.

வாங்குவதாக இருந்தால் கடையிலேயே ஆன் செய்து மொழிப் பட்டியலைப் பாருங்கள். அங்கே விற்பனை வரி 10 சதவீதம். வரியில்லாமல் வாங்க ஒரு கடையில் ஒரு நாளில் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: முழுசாகக் கட்டிவிட்டு, கிளம்பும்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொளத்தூர்: டிரோன் வாங்கி வரலாமா?

கூடாது. 2022 பிப்ரவரியிலிருந்து டிரோன் இறக்குமதிக்கே தடை.

மயிலாப்பூர்: எவ்வளவு வரை வரி இல்லை?

அம்பத்தூருக்குச் சொன்னதுதான்.

தாம்பரம்: டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கிட்டு நாலு போட்டோ எடுத்துட்டா அது பழசு, வரி கிடையாது. மூணு தடவை அப்படித்தான் வந்திருக்கேன், ஒருத்தரும் கேக்கலை. நீங்க சும்மா பயமுறுத்துறீங்க.

பயந்தவன்தான் சொல்கிறேன். 2019-இல் சிங்கப்பூரில் ஒரு லென்ஸ் வாங்கினேன், நம் காசுக்கு 1,10,000. டப்பாவை ஓட்டல் குப்பைக்கூடையில் போட்டேன். லென்ஸ் மேல் கைரேகை படியவிட்டேன், ரப்பர் வளையத்தில் கொஞ்சம் பவுடர்கூடத் தேய்த்தேன். வரி கட்ட ஒன்றுமில்லை என்பவர்கள் போகும் பச்சை வழியில் நடந்தேன். அதிகாரி லென்ஸைத் தொடவே இல்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டார். உறையைத் திறந்தால், நாலாக மடித்த சாங்கி ரீஃபண்ட் சீட்டு! "புதுசாக வாங்கியது, வெளியே கொண்டு போகிறேன்" என்று அங்கே சொல்லிக் காசு வாங்கியவன், இங்கே "பழசு சார்" என்று எந்த வாயால் சொல்வது? அன்றைய சலுகை 50,000 போக மீதி 60,000-க்கு 38.5 சதவீதம் வரி, 23,100 ரூபாய். அபராதம் தனி, அதை என் வீட்டுக்காரியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

தாம்பரம், மறுபடி: நான் ரீஃபண்டே வாங்குறதில்லையே?

அங்கே 90 வெள்ளியை விட்டுக்கொடுத்து இங்கே திருட்டு முழி முழிக்கிறீர்கள், இதில் லாபம் எங்கே? "பயன்படுத்திய சொந்தப் பொருள்" என்று 2026 பிப்ரவரி வரை இருந்த 2016 விதியில் சொன்னது அன்றாடத் தேவைக்கான சாமான்களை. லட்ச ரூபாய் லென்ஸ் அன்றாடத் தேவையா? 1962 சுங்கச் சட்டத்தில் பறிமுதல் 111-ஆவது பிரிவு. அபராதம் கட்டி மீட்க 125. எனக்கு ரெண்டு எண்ணும் மனப்பாடம், காரணம் மேலே சொன்னதுதான்.

திருவல்லிக்கேணி: தாம்பரத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் காலத்தில் பர்மா பஜாரில் யார் பில் கேட்டார்கள்?

ஐயா, அது வேறு காலம். 1969-இல் பர்மாவிலிருந்து வந்தவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள். அப்போது வெளிநாட்டுச் சாமானை முறையாகக் கடையில் வாங்குவது லேசில்லை. ஒரு டூ-இன்-ஒன்னுக்காக (ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் சேர்ந்தது) கடற்கரை ஸ்டேஷன் எதிரில் கால்கடுக்க நின்றோம். இன்றைக்கு அதே கம்பெனிக் கேமரா அண்ணாசாலையில் தவணைக்குக் கிடைக்கிறது. நினைவுகளைப் பேச எனக்கும் ஆசைதான், கடைக்கு வாருங்கள், டீ சொல்கிறேன்.

தாம்பரம்: அப்ப ஏர்போர்ட்ல எல்லாரையும் பிடிக்கணுமே?

இவரை அப்புறம் பார்க்கலாம்.

குரோம்பேட்டை: அமெரிக்காவில் இருக்கும் மகன் ஐபோன் கொண்டுவருகிறான். எனக்குத்தான்.

அங்கே விற்கும் ஐபோனில் 14 வரிசையிலிருந்து சிம் கார்டு செருக இடமே கிடையாது, இ-சிம் (போனுக்குள்ளேயே பதியும் சிம்) மட்டும். உங்கள் நம்பரை இ-சிம்முக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று முடிவு செய்துவிட்டு மகனுக்குச் சொல்லுங்கள்.

வடபழனி: சிங்கப்பூரில் வாங்க சிம் லிம் ஸ்கொயர் கடைகளா, முஸ்தபா கடையா?

பேரம் பேசத் தெரியாதவருக்கு முஸ்தபா. சிம் லிம்மில் நல்ல கடைகள் உண்டு, ஆனால் 2014-இல் வியட்நாம்காரர் ஒருவர் ஐபோனுக்கு 950 வெள்ளி கட்டிய பிறகு, கடைக்காரர் வாரண்டிக்கு என்று மேலும் 1,500 கேட்க, அவர் மண்டியிட்டு அழுத வீடியோவை உலகமே பார்த்தது. எந்தத் தாளிலும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அண்ணா நகர்: வரி இல்லாமல் எவ்வளவு...

எழுபத்தைந்தாயிரம். எழுபத்தைந்தாயிரம். எழுபத்தைந்தாயிரம்.

போரூர்: கூடுதல் பேட்டரி, பவர் பேங்க்?

கைப்பையில் மட்டும். பெரிய பெட்டியில் வைத்தால் இறக்கிவிடுவார்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவர் (Wh) தாண்டினால் விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

தாம்பரம்: சரி, விடுங்க. அடுத்த மாசம் என் பழைய கேமராவையே எடுத்துட்டுப் போறேன். திரும்பி வரும்போது அதைப் புதுசுன்னு அதிகாரி சொல்லிட்டா?

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். கிளம்பும்போது, லக்கேஜ் போடும் முன், ஏர்போர்ட்டில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் கேளுங்கள். கேமராவையும் லென்ஸையும் நேரில் காட்ட வேண்டும், சீரியல் எண்ணைப் பதிந்து கொடுப்பார்கள். கேமராவின் எண் அடிப்பக்கம் இருக்கும். லென்ஸில் மாட்டும் வளையத்துக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும், அதை முந்தின நாளே செல்போன் டார்ச் அடித்துப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். திரும்பி வரும்வரை அந்தக் காகிதம் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.