அலாய் வீலில் கிளியர் கோட் உரிகிறது, "கடல் காற்று" என்று சொல்லி வாரண்டியை மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

கேட்டவர் நாகர்கோவிலில் கார் வாங்கியவர். இன்னும் வாரண்டி முடியவில்லை. நாலு வீலிலும் கிளியர் கோட்டுக்கு (வீலின்மேல் பாதுகாப்புக்காக அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். "நீங்க கடற்கரைப் பக்கம் இருக்கீங்க சார், உப்புக்காத்துல இப்படித்தான் ஆகும்" என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள்.

குளச்சலில் இருக்கும் எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. கடைசியில் நாலு வீலையும் மாற்றிக் கொடுத்தார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சர்வீஸ் அட்வைசர் வாயால் சொன்ன "வராது" எங்கேயும் செல்லாது. புகாரை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் போடும் வேலைச் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்க வேண்டும். பேச்சு இழுத்துக்கொண்டே போய் வாரண்டி காலம் தாண்டினாலும், காலத்துக்குள் புகார் பதிவானதற்கு அதுதான் சாட்சி. மறுக்கும் காரணத்தை ஈமெயிலில் கேளுங்கள். தர மறுத்தால், "இன்று வண்டியைக் காட்டினேன், இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று நீங்களே டீலருக்கும் கம்பெனிக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, அரிப்பு வீலில் எந்த இடத்தில் தொடங்கியது என்று பாருங்கள். வழக்கு முழுக்க இதில்தான் நிற்கிறது. அலாய் வீல் என்பது அலுமினியத்தோடு சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்து வார்த்தது. டைமண்ட் கட் வீல் என்றால், பெயின்ட் அடித்தபிறகு முகப்பை லேத்தில் சீவிப் பளபளப்பாக்கி, அந்த வெற்று உலோகத்தின்மேல் கிளியர் கோட் மட்டும் அடிக்கிறார்கள். சீவிய இடத்தின் கூர்விளிம்பில் கோட் மெலிந்துபோகும். அங்கே சின்ன இடைவெளி கிடைத்தால் உப்பும் ஈரமும் உள்ளே நுழைந்து, கோட்டுக்கு அடியிலேயே அரிப்பு நூல் நூலாக ஓடும். கோட் முழுசாக இருக்கும் இடத்தில் உப்புக்காற்று மட்டும் இப்படிச் செய்யாது.

ஆகவே கல் தெறித்த காயத்திலிருந்தோ, நடைபாதையில் உரசிய இடத்திலிருந்தோ கோடுகள் கிளம்பியிருந்தால் கம்பெனி சொல்வதில் நியாயம் இருக்கிறது. காயமே இல்லாமல் ஸ்போக் விளிம்பிலும் போல்ட் துளையைச் சுற்றியும் நாலு வீலிலும் ஒரே மாதிரி தொடங்கியிருந்தால், சந்தேகம் கோட்டிங் வேலையின் மேல்தான் விழும். பேலன்சிங் வெயிட் (வீல் ஆடாமல் சுற்ற மாட்டும் சின்ன எடைத்துண்டு) மாட்டிய இடத்தில் மட்டும் தொடங்கியிருந்தால், அந்த வேலையைச் செய்தது யார் என்ற பில்லைத் தேடி எடுங்கள்.

போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, எந்த வீல் என்று எழுதி, உட்புறத்தையும் சேர்த்து எடுங்கள். ரிம்மில் நெளிசல் இல்லை என்பதும் அதில் தெரிய வேண்டும். திங்கள்சந்தையில் எனக்குப் பழக்கமான டயர் கடை அண்ணன் வீலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடி ஒண்ணும் படல, பாத்துக்கிடுங்க" என்றார். அதையே அவர் பில்லில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டு முற்றத்திலேயே மச்சானின் பழைய கார் நிற்கிறது, வேறு கம்பெனி. அதே காற்று, அதே உப்பு. அதன் வீல்களில் ஒரு கோடுகூட இல்லை. அந்தப் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன்.

வாரண்டி புத்தகத்தில் உப்பு, ரசாயனம் போன்றவற்றால் வரும் சேதம் சேராது என்று ஒரு வரி இருக்கலாம். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். உப்பு கிளியர் கோட்டை உடைத்ததா, ஏற்கெனவே குறையிருந்த கோட் உப்பை உள்ளே விட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை கடலோரமாகவே ஊர்கள் உள்ள மாவட்டம் இது. டிஎன் 74, டிஎன் 75 எண் போட்டு இங்கே ஓடப்போகும் வண்டி என்று தெரிந்துதான் விற்கிறார்கள். விற்கும்போது வாயே திறக்காத கடல் காற்றை, புகார் கொடுக்கும்போது மட்டும் சொல்வது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

இதற்கிடையில் வீலுக்குப் பெயின்ட், பாலிஷ் எதுவும் செய்யாதீர்கள், ஆதாரம் போய்விடும். வாட்டர் வாஷில் ஆசிட் கலந்த கிளீனர் போடவும் விடாதீர்கள், அடுத்த காரணம் அதுவாகத்தான் வரும்.

உரிசல் இல்லை, காற்றுதான் இறங்குகிறது என்றால் வேறு கதை. வீலைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிபடாத ரிம்மின் உலோகத்திலிருந்தே குமிழி வந்தால், வார்ப்பில் நுண்துளை இருக்கிறது என்று அர்த்தம். அதை வீடியோ எடுத்துவிட்டால் கடல் காற்றுப் பேச்சே எழாது.

எனக்கு நடுவில் "குட்வில்" (வாரண்டியில் இல்லை, சலுகையாகத் தருகிறோம்) என்று பாதி விலையில் தர முன்வந்தார்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்தும் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகுதான் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேரில் வந்து வீல்களைப் பார்த்தார்.

அதிலும் நடக்கவில்லை என்றால் டீலர், கம்பெனி இருவருக்கும் ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பார்த்துத் தீர்மானிக்க முடியாத குறை என்றால் வீலை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம், அதற்குக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள்.

டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் நீங்களும் நுகர்வோர்தான். "வணிகப் பயன்பாடு" என்று தட்டிக் கழித்தால் விட்டுவிடாதீர்கள்.

வீல் மாற்றித் தந்தால், புது வீலுக்கு வாரண்டி எதுவரை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் காரின் மீதிக் காலம்தான் கொடுப்பார்கள்.