'முயற்சி செய்கிறேன்' என்றால் ஒத்துக்கொண்டதாக அர்த்தமா?

கேள்வி: வீட்டிலிருந்தே ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வேலை செய்கிறேன். வெள்ளிக்குள் முடியுமா என்றார்கள், 'முயற்சி செய்கிறேன்' என்றேன். திங்களன்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் 'ஏன் முடிக்கவில்லை' என்று மேனேஜர் கேட்டுவிட்டார். நான் எங்கே ஒத்துக்கொண்டேன்?
வாசகி, காட்பாடி

பதில்: நம்மிடம் 'பார்க்கலாம்' என்று இழுத்தால் நடக்காது என்று எதிராளிக்குப் புரிந்துவிடும். அந்த இழுப்பு வீடியோ காலில் ஜெர்மனிக்குப் போய்ச் சேராது, வார்த்தை மட்டும்தான் சேரும். ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கணிப்புகளை ஆராய்ந்த நெதர்லாந்து சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட், அதிகார இடைவெளிக்கு (மேலே இருப்பவர் கையில் அதிகாரம் குவிந்திருப்பதை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதற்கு) நாடுவாரியாக மதிப்பெண் போட்டார்: இந்தியா 77, ஜெர்மனி 35. அதாவது மேலதிகாரியிடம் 'முடியாது' என்பது அங்கே சாதாரணம், நமக்கோ தொண்டையில் சிக்கும். (சராசரிதான், உங்கள் மேனேஜரின் குணம் அதில் தெரியாது.)

ஆம்பூர் பக்கம் ஷூ ஏற்றுமதி செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஐரோப்பிய பையரிடம் தேதி தவறினால் என்ன ஆகும் என்று விலாவாரியாகச் சொல்வார்கள். கம்பெனி கேட்ட அன்றே நீங்கள் 'லாகின் பக்கம் வெள்ளிக்குள், ரிப்போர்ட் புதன்கிழமைதான்' என்று ஒரு மெயில் தட்டியிருக்கலாம். எல்லார் முன்னாலும் கேட்டது அவமானம் இல்லை, அங்கே அது வேலைப் பேச்சு. ஆனாலும் உங்களுக்கு வலித்ததை அவரிடம் தனியாகச் சொல்லலாம், தப்பே இல்லை.

அப்புறம், மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், நாலரை மணி நேர வித்தியாசம் மூன்றரை ஆகிவிடும். மறுநாள் மீட்டிங்கைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்!