நீண்ட சைக்கிள் பயிற்சியில் வயிறு உப்புவது பற்றி
நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டிக்கான பயிற்சியில், சைக்கிளில் 100 கிலோமீட்டர் தாண்டியதும் வயிறு உப்பி, இறங்கி ஓடினால் குமட்டுகிறது என்கிறீர்கள். எனர்ஜி ஜெல்லை (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) ஸ்போர்ட்ஸ் டிரிங்கோடு விழுங்குவதுதான் காரணமாக இருக்கும். இரண்டிலும் சர்க்கரை, கலவை கெட்டியானால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். ஜெல்லுக்கு வெறும் தண்ணீரே போதும்.

குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் குடல் உறிஞ்சும். ஃபிரக்டோஸும் (பழச் சர்க்கரை) கலந்திருந்தால் 90 வரை போகலாம், ஆனால் அதற்கு வயிறு பழக வேண்டும். சரி, இப்போதைக்கு 40-இல் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை பயிற்சிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

வேகத்தையும் குறையுங்கள். வெயிலில் மூச்சிரைக்க மிதித்தால் ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடும், வயிற்றுக்கு மிஞ்சாது. போட்டியில் சைக்கிளில் 180 கிலோமீட்டர் முடித்த பிறகும் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டுமே!

அப்புறம், போட்டியன்று புது பிராண்டு ஜெல்லைத் தொடாதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும்.